கல்லை மட்டும் எடுத்து வையுங்கள்

மழை பெய்யும் நாளில் நம்மை எல்லோரும் தேடுவார்கள். கலெக்டர் அலுவலகத்தில் தேடுவார்கள், தொலைக்காட்சிக்காரர்கள் தேடுவார்கள், வருடக்கணக்காகப் பேசாத சித்தப்பா மகன்கூட நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா என்று கேட்டுப் போன் செய்வான். வானம் பளிச்சென்று இருக்கும் நாளில் நம்மை யாரும் தேடுவதில்லை. நாமும் சீக்கிரம் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் இடறி விழப்போவது அப்படிப்பட்ட நாளில்தான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வானிலை சொல்லிப் பிழைத்த எல்லோரும் அங்கே ஒரு தடவையாவது விழுந்திருக்கிறோம்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. புயல் நேரத்தில் அவர் வெகு நிதானமாக இருப்பார். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நாலு நாள் பெய்த மழை ஓய்ந்து, காற்றும் நின்று, வானம் கழுவிவிட்டது போல ஆகிவிட்டால் ஆள் மாறிவிடுவார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார். டீ கொண்டுவந்தவரிடம்கூடச் சண்டை போட்டிருக்கிறார். ஒருநாள் பொறுக்க முடியாமல் காரணம் கேட்டேன்.

"புயல் சொல்லிட்டு வரும்மா. இது சொல்லாம வரும். படுக்கப் போறப்ப நட்சத்திரம் தெரியும், எந்திரிச்சுப் பாத்தா எதிர்வீடு தெரியாது" என்றார்.

நனைந்த மண், தெளிந்த வானம், நின்றுபோன காற்று. மூன்றும் சேர்ந்தால் காலையில் மூடுபனி. சொல்வதற்கு இவ்வளவுதான். காற்று ஒரு மடங்கு கூடிவிட்டால் அதே ஈரம் மேலே ஏறித் தாழ்ந்த மேகமாக நின்றுகொள்ளும், தரையில் ஒன்றும் இருக்காது. இரவில் மெல்லிய மேகம் ஒன்று உயரத்தில் வந்து போர்த்திக்கொண்டால் தரை குளிராது, பனியும் வராது. மற்ற விவரமெல்லாம் உங்கள் பயிற்சிப் பாடத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்னால் தர்மபுரி மாவட்டத்து விவசாயிகளுக்கு வானிலை சொல்வது என் பொறுப்பாக இருந்தது. ஏரியூருக்கு ஒன்று, அரூருக்கு ஒன்று, கம்பைநல்லூர் பக்கத்துக்கு ஒன்று என்று வாட்ஸ்அப் குழுக்கள் வைத்திருந்தோம். சாயங்காலம் அறிவிப்புப் போடுவேன். கடைசி வரியில் என் போன் நம்பர் இருக்கும். அந்த நம்பரைப் போட வேண்டாம் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். திட்டுவதற்காவது ஒரு நம்பர் வேண்டும் என்று நான்தான் போட்டேன்.

அது கார்த்திகை மாதம். ஒரு வாரம் பெய்த மழை விட்டிருந்தது. வங்கக் கடலில் அடுத்த காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகலாம் என்று பேச்சு இருந்தது. நடுவில் கிடைத்த வெயிலை விட்டுவிடக் கூடாது என்று ஊர் ஊராக ராகி அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ராகிக்குக் களம் தார் ரோடுதான். காலையில் கதிரை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் டிராக்டரும் மேலே ஏறிப் போய்ப் போய் அடித்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் உதிர்ந்ததையும் உதிராததையும் ரோட்டோரம் கூட்டிக் குவித்து, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் தலை அளவுக் கற்களை வரிசையாக வைப்பார்கள். பகலில் வண்டி ஏற வேண்டும், ராத்திரியில் ஏறக் கூடாது. அதற்குத்தான் கல். இதெல்லாம் தப்பு என்று போலீஸ்காரரும் சொல்வார், வேளாண்மை அதிகாரியும் சொல்வார். சொல்லிவிட்டுப் போகிற அதிகாரியின் மாமியார் வீட்டு ராகியும் அதே ரோட்டில்தான் காய்ந்துகொண்டிருக்கும்.

மழை விட்ட இரண்டாம் நாள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தபோது மூன்று சாமான்களும் கூடியிருந்தன. ஈரம் இருந்தது, வானம் தெளிந்திருந்தது, காற்று அநேகமாக இல்லை. விடியற்காலையில் பால் வண்டியும் முதல் பஸ்ஸும் பூ மார்க்கெட்டுக்குப் போகும் மினி லாரிகளும் ஓடுகிற ரோட்டில் அந்தக் கறுப்புக் குவியல்கள் பனியில் எப்படித் தெரியும் என்று யோசித்தேன். தெரியாது. உடனே நம்முடைய வழக்கமான மொழியில் ஒரு அறிவிப்பு எழுதினேன். அதிகாலையில் ஓரிரு இடங்களில் அடர் மூடுபனி காணப்படக்கூடும், சாலைகளில் உள்ள விளைபொருட்களை அகற்றிப் பாதுகாப்பான இடங்களில் வைக்கவும்.

மறுநாள் காலை பனி வரவில்லை. நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் காற்று இருந்தது. ஈரம் மேலே ஏறி, மலை உயரத்தில் மேகமாக நின்றுவிட்டது. வத்தல்மலையில் இருந்து ஒருவர் போன் செய்து, வீட்டு வாசல் தெரியவில்லை, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது என்று பாராட்டினார். கீழே கம்பைநல்லூர்க்காரர்கள் அதே மேகத்தை அண்ணாந்து பார்த்து, பனி எங்கே என்று கேட்டார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரி. என் அறிவிப்பு மலைக்காக எழுதியதல்ல என்பதால் எனக்கு அந்தப் பாராட்டு உதவவில்லை.

அன்று சாயங்காலமும் அதே அறிவிப்பைப் போட்டேன். அன்று ராத்திரி தெற்கிலிருந்து மெல்லிய மேகம் ஒன்று உயரத்தில் வந்து மூடிக்கொண்டது. தரை குளிரவே இல்லை. காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. குழுவில் ஒருவர் அந்த வெயிலைப் படம் எடுத்துப் போட்டு, மேடம் சொன்ன மூடுபனி என்று கீழே எழுதியிருந்தார். அதற்கு நிறையச் சிரிப்பு பொம்மைகள் வந்தன. நல்ல நகைச்சுவைதான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் இருந்து மாதம்மாள் என்ற பெண் போன் செய்தார். வயது என்னைவிட நாலைந்து கூட இருக்கும். வீட்டுக்காரர் இல்லை. ராகி போட்டிருந்த நிலத்தை அவரும் மருமகளும்தான் பார்த்துக்கொண்டார்கள். என் அறிவிப்பை நம்பி இரண்டு சாயங்காலமும் குவியல் முழுவதையும் கூடை கூடையாக அள்ளி வீட்டுக்குச் சுமந்திருக்கிறார்கள். காலையில் திரும்பச் சுமந்துவந்து கொட்டியிருக்கிறார்கள்.

"இடுப்பு வுட்டுப்போச்சுங்க மேடம். பனி வந்தாலாச்சும் சுமந்ததுக்கு ஆவும். அதுவும் வரலீங்க" என்றார்.

சண்டை போடவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன். மதியம் அலுவலக ஜீப்பை எடுத்துக்கொண்டு கம்பைநல்லூர் ரோட்டுக்குப் போனேன். இந்தப் பழக்கத்தையும் உங்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். தப்பாகப் போன அறிவிப்பை ஆராயும்போது படங்களைப் பார்ப்பது பாதி வேலை, அதைக் கேட்டு நடந்தவரைப் போய்ப் பார்ப்பது மீதி.

மாதம்மாள் ரோட்டில் நின்று கதிரைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். இன்று ராத்திரி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சுமக்க முடியாது, மற்றவர்களைப் போல ரோட்டோரம் மூடிப்போட்டு வைக்கப் போகிறேன் என்றார். சுற்றி வைப்பதற்கான கற்கள் ஓரத்தில் தயாராகக் கிடந்தன. அதில் ஒன்று மற்றவற்றைவிடப் பெரியது, கூர் முனையோடு இருந்தது. பஸ் வரும் பக்கத்தில் அதைத்தான் முதலில் வைப்பாராம். தலைமாட்டுக் கல் என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மகன் முருகேசன் மொபட்டில் வந்து நின்றான். சுற்று வட்டாரத்துப் பாலைக் கறந்த கையோடு வாங்கிக் கேனில் கட்டிக்கொண்டு போய்க் கம்பைநல்லூரில் ஊற்றுவது அவன் தொழில். விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவானாம். பனி வந்தால் நாளைக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்த பிறகு போகக் கூடாதா என்று கேட்டேன்.

"பால் காத்திருக்காதுங்க மேடம். இந்த ரோட்டுல கண்ணைக் கட்டி வுட்டாக்கூடப் போயிருவேன். எங்க வூட்டுக் குமியல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்று சிரித்தான்.

அவன் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் எதிரே வருகிற பஸ்ஸின் டிரைவருக்கு அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அதை அவனிடம் சொல்லவில்லை, சொன்னாலும் சிரித்திருப்பான்.

அலுவலகம் திரும்பியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. படங்களைப் பார்த்தேன். உயரத்து மேகம் மேற்கே போய்விட்டது. காற்று ஓய்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ குப்பை எரித்த புகை மேலேயும் போகாமல் பக்கத்திலும் போகாமல் கூரை மட்டத்தில் படுத்துக்கிடந்தது. வரும் என்று தோன்றியது. முந்தின இரண்டு நாளும் எனக்கு அப்படித்தான் தோன்றியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

என் மேலதிகாரி பெரிய அலுவலகத்தில் இருந்து போனில் வந்தார். கெட்டவர் இல்லை, அனுபவசாலி. இன்று மூடுபனியை விட்டுவிட்டு வறண்ட வானிலை என்று மட்டும் போடச் சொன்னார்.

"ரெண்டு தடவை வரலை. மூணாவது தடவையும் வரலைன்னா நாம சொல்றதைக் கேக்கறதையே நிறுத்திடுவாங்கம்மா. நாலு நாள்ல பெருமழை வரலாம். அப்ப எச்சரிக்கை குடுத்தா ஒருத்தர் கேக்க மாட்டாங்க. எது பெருசுன்னு நீங்களே பாருங்க."

இதை நீங்கள் கோழைத்தனம் என்று நினைக்கக் கூடாது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நம் வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு பொதுச் சொத்து. ஒரு பனிக்காக அதைச் செலவழித்துவிட்டு, மழை வரும்போது வெறுங்கையோடு நிற்க முடியாது. ஆனால் அந்த ரோட்டில் கற்கள் வரிசையாக வைக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வேளாண்மை அலுவலகத்தில் எனக்காகக் காத்திருந்தார்கள், அறிவிப்பு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு பக்கமும் பயமாக இருந்தது.

மூடுபனி வருமா வராதா என்பதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை முறை பார்த்தாலும் பாதிக்கு மேலே வரலாம் என்பதைத் தாண்டி ஒரு அங்குலம் நகர முடியவில்லை. கடைசியில் மாதம்மாளின் இடுப்புதான் ஞாபகம் வந்தது. பனியைப் பற்றிய சந்தேகத்தை என்னால் குறைக்க முடியாது. கேட்பவர் செய்ய வேண்டிய வேலையைக் குறைக்க முடியுமே. நான் சொன்ன வேலை ஒரு வீட்டுப் பெண்கள் இரண்டு பேரை முறித்துப்போடுகிற வேலை. அதைச் செய்து பனி வராவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ராகிக் குவியலில் மோதி யாரும் சாக மாட்டார்கள். கல்லில் மோதினால் சாவார்கள். அப்படியானால் நான் ராகியைப் பற்றி ஏன் பேசிக்கொண்டிருக்கிறேன்?

எழுத்தில் போடவில்லை. என் குரலில் பேசியே போட்டேன். என்ன பேசினேன் என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

"ரெண்டு நாள் பனி வரும்னு சொன்னேன், வரலை. நாளைக்கும் வரலாம்னு நெனைக்கறேன், வராமலும் போகலாம். ராகியை எடுக்க வேண்டாம், இருக்கற எடத்துலயே இருக்கட்டும். சுத்தி வச்ச கல்லை மட்டும் நெலத்துப் பக்கம் போட்டுருங்க. கல்லு இருந்த எடத்துல ராகித் தாள் அடைச்ச வெள்ளைச் சாக்கை வைங்க. பனி வரலைன்னா உங்களுக்கு நட்டம் ஒண்ணும் இல்லை."

மேலதிகாரி அதைக் கேட்டுவிட்டு மறுபடியும் கூப்பிட்டார். வானிலை அறிவிப்பில் சாக்குப்பையைச் சேர்த்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். பிறகு, சரி, அப்படியே இருக்கட்டும் என்று வைத்துவிட்டார்.

குழுவில் சிலர் சரி என்று கட்டை விரல் காட்டினார்கள். ஒருவர், சாக்கைத் துவைத்து வெள்ளையாக்கி வைக்க வேண்டுமா என்று கேலி செய்தார். மாதம்மாளிடம் இருந்து பதில் எதுவும் இல்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் ஜன்னலைத் திறந்தேன். தெருவிளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு கறை மட்டும் தெரிந்தது. எதிர்வீடு இல்லை. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதை ஒளிக்கப்போவதில்லை. நாம் சொன்னது நடந்தால் சந்தோஷப்படுகிற பிறவிகள் நாம், வந்தது எதுவாக இருந்தாலும். அடுத்த நிமிஷம் அந்தக் கற்கள் ஞாபகம் வந்தது. இத்தனை பேரில் எத்தனை பேர் கல்லை எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. வெயில் ஏறிப் பனி கலைகிற வரைக்கும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

அலுவலகத்துக்குப் போய் நாற்காலியில் உட்காருவதற்குள் மாதம்மாளின் போன் வந்தது.

எடுத்ததுமே குறை சொன்னார். என் பேச்சைக் கேட்டுக் கல்லை எடுத்துப்போட்டாராம். மருமகள் வேண்டாம் என்றாளாம், இவர்தான் கேட்கவில்லையாம். கல் இருந்திருந்தால் குவியல் கலைந்திருக்காது. பாதி ராகி ரோட்டில் பரந்துகிடக்கிறது, அதன் மேல் இரண்டு கேன் பால் கொட்டிப் பிசைந்த களி மாதிரி ஆகிவிட்டது, இனி அதை மாட்டுக்குத்தான் வைக்க வேண்டும். பால் கேன் ஒன்று நசுங்கியும் விட்டது.

பால் என்று காதில் விழுந்ததுமே அவரை இடைமறித்தேன். யார் என்று மட்டும் கேட்டேன்.

"எம்பையந்தாங்க. எதுக்க பஸ்ஸு கிட்ட வந்த பொறவுதான் வெளக்கே தெரிஞ்சுதாம். வண்டிய ஓரமா ஒடிச்சுட்டான். நேரா வந்து நம்ம குமியல்லயே வுழுந்தான்."

அடி பட்டதா என்றேன். முழங்கை தேய்ந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்கிறான், மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறது என்றார். அப்புறம் மறுபடியும் ராகிக்குத் திரும்பினார். இந்த வருடம் கதிர் எவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது, மழைக்கு முன்னால் அடித்து எடுத்துவிடலாம் என்று எப்படி நினைத்திருந்தார் என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் ஊம் கொட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று ராகியை விட்டுவிட்டார்.

"அந்தத் தலைமாட்டுக் கல்லு பாத்தீங்கல்ல மேடம்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அது இருந்த எடத்துல சாக்கு வச்சிருந்தேன். நான் ஓடிப்போய்ப் பாக்கறப்ப அந்தச் சாக்கு மேல தலைய வச்சுக் கெடந்தான்ங்க."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. என் கண்ணும் நிறைந்துவிட்டது, எதிர் மேஜைக்காரர் பார்த்துவிடப் போகிறார் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாளைக்கும் எடுக்கணுங்களா?" என்றார்.

படத்தைப் பார்த்தேன். கடல் பக்கம் தாழ்வு உருவாகத் தொடங்கியிருந்தது. வடகிழக்கில் காற்று எழும்பிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் பனி இறங்க வழியே இல்லை, அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இருப்பதை இருப்பதாகச் சொல்வதுதானே நம் தொழில். நாளைக்குப் பனி இருக்காது, காற்றுதான் அடிக்கும், தாராளமாகக் கல் வைக்கலாம், இல்லாவிட்டால் தார்ப்பாய் பறந்துவிடும் என்று சொன்னேன்.

"பறந்தாப் பறக்குதுங்க," என்றார் மாதம்மாள். "கல்லு வேண்டாங்க."